மடியில் வாங்கிய பை

கொடைக்கானல்ல மூணு ரூம் கட்டி விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டுக்கிட்டிருக்கேன். தோட்டமும் மராமத்தும் வீட்டுக்காரர் பாத்துக்குவார். சமையலும் பேச்சும் என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் மூக்குக்கு மேலதான் நிக்கும். ஆனாலும் எங்க வீட்டுக்கு வந்த ஆளுக ஒருத்தரும் வயிறு வாடிப் போனதில்ல. சாயங்காலம் மேகம் எறங்கி ரோடு மறையிற நேரத்துல, அடுப்படிக்கு வெளிய நாலு பேரு நாற்காலியப் போட்டு உக்காந்து சுக்குக் காப்பி குடிக்கிறதப் பாத்தா எனக்கு மனசு நெறஞ்சு போயிரும். இத விட என்ன வேணும்னு தோணும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளக்காரம்மா தனியா வந்து தங்குனாங்க. வயசு அறுபத்தஞ்சுக்கு மேல. அவுங்க நாட்டுல நர்ஸா இருந்து ஓய்வு வாங்குனவங்க. இங்கிலீஷ் அவுங்களுக்கும் சொந்த பாஷை இல்ல, எனக்கும் இல்ல. அதனாலயே எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நல்லா ஒத்துப்போச்சு. தெரிஞ்ச வார்த்தைய வச்சுக்கிட்டு, தெரியாததுக்குக் கையக் காட்டிக்குவோம்.

வந்த மறுநாள் காப்பி குடிக்கையில சின்ன நோட்டு ஒண்ண எடுத்துக் காட்டுனாங்க. அடுத்த நாட்டுக்குப் போனா எப்பிடிப் பத்திரமா இருக்கணும்னு, போன எடத்துலயெல்லாம் பட்டுத் தெரிஞ்சத அதுல எழுதி வச்சிருக்காங்க. மூடி ஒடைக்காத தண்ணிதான் குடிக்கணும். எங்க போறோம்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுப் போகணும். பாஸ்போர்ட்டு எப்பவும் சட்டைக்கு உள்ள, இடுப்புல கட்டுன துணிப்பையில இருக்கணும். கைப்பைய யார் கையிலயும் குடுக்கக் கூடாது. கூட வந்தவங்களத் தொலச்சுட்டா, கடைசியாப் பாத்த எடத்த விட்டு நகரக் கூடாது. இப்பிடியே பக்கம் பக்கமாப் போகுது.

"இம்புட்டுப் பயந்தா எதுக்கும்மா ஊர் சுத்தணும்? பேசாம வீட்டுலயே இருக்கலாமே"ன்னு கேட்டேன்.

"பயந்தா வீட்டுலதான் இருப்பேன். பயப்படாம இருக்கத்தான் எழுதி வச்சிருக்கேன்"னாங்க.

பதில் நல்ல பதில்தான். ஆனா அந்த 'யார் கையிலயும் குடுக்கக் கூடாது' மட்டும் எனக்கு நறுக்குன்னு குத்திருச்சு. யார் கையிலயும்னா எங்க கையும் சேத்தித்தானே. எங்க ஊர்ல வந்து உக்காந்துக்கிட்டு, என் காப்பியையும் குடிச்சுக்கிட்டு, எங்களையே நம்ப மாட்டேங்கிறதாக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு கடுப்பு. வெளிய காட்டிக்கல.

அவுங்களுக்குக் காப்பியும் மெளகும் செடியில எப்பிடி இருக்கும்னு பாக்கணுமாம். நானும் பண்ணைக்காட்டுக்குப் போயி மெளகு வாங்க வேண்டியிருந்துச்சு. சரி, ரெண்டு பேரும் பஸ்லயே போயிட்டு வந்துருவோம்னு கெளம்புனோம். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு அவுங்களுக்கு மதுரையிலருந்து விமானம்.

கெளம்புற நேரத்துல ஒரு சோலி முளைச்சுச்சு. வெளிநாட்டு ஆளுக தங்குனா அவுங்க பாஸ்போர்ட்டப் போட்டோ எடுத்து நாங்க கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்பணும். நான் அனுப்புன போட்டோ தெளிவில்லன்னு திரும்பி வந்து கெடக்கு. திரும்ப எடுக்கணும்னு சொல்லி பாஸ்போர்ட்ட வாங்குனேன். எடுத்து முடிச்சுக் குடுக்கையில பஸ்ஸுக்குப் பத்து நிமிசம்தான் இருந்துச்சு. அவுங்க திரும்பி நின்னு சட்டையத் தூக்கி இடுப்புல வைக்கப் போனாங்க. "அட வெரசா வாங்கம்மா, பஸ் போயிரும், பையில போட்டுக்கிட்டு வாங்க"ன்னு நான்தான் பறந்தேன். என் அவசரத்துக்காக அத மருந்து மாத்திர இருந்த தோள்பையிலயே போட்டுக்கிட்டாங்க. இத ஞாபகம் வச்சுக்கோங்க.

பஸ்ல கால் வைக்க எடமில்ல. பெருமாள்மலை வந்ததும் இன்னும் பத்துப் பேரு ஏறுனாங்க. வெள்ளக்காரம்மா ஒரு கையால கம்பியையும் ஒரு கையால பையையும் பிடிச்சுக்கிட்டு, வளைவுக்கு வளைவு ஆடிக்கிட்டு நிக்கிறாங்க. பக்கத்துச் சீட்டுல பச்சைப் பட்டுச் சேலை கட்டுன ஒரு அக்கா, என் வயசுதான் இருக்கும், தலை நெறயாப் பூ, எங்கயோ விசேசத்துக்குப் போறாங்க போல. அவுங்க கைய நீட்டுனாங்க.

"பையக் குடுங்க, வச்சுக்கிறேன்."

எங்க பக்கத்துப் பஸ்ல இது வழக்கம். நிக்கிறவங்க பைய உக்காந்திருக்கிறவங்க மடியில வாங்கி வச்சுக்குவாங்க. யாரு எவருன்னு கேக்கிறதில்ல. பைய என்ன, கைப்பிள்ளையவே வாங்கி வச்சுக்குவாங்க. வெள்ளக்காரம்மா சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னு தலைய ஆட்டுனாங்க. பச்சைச் சேலை அக்கா நீட்டுன கைய மடக்கல. பஸ்ஸே பாக்குது. எனக்கு மானம் போன மாதிரி ஆயிருச்சு.

"குடுங்கம்மா. இங்க இதான் பழக்கம். குடுக்கலன்னா அவுங்களத் திருடின்னு சொன்ன மாதிரி"ன்னு கொஞ்சம் வெடுக்குன்னே சொல்லிட்டேன்.

அவுங்க என்னையப் பாத்தாங்க. அந்தக்காவப் பாத்தாங்க. தோள்ல மாட்டியிருந்தத எடுத்துக் குடுத்துட்டாங்க. எனக்கு ஒரே பெருமை. நோட்டுல ஒரு வரிய அடிக்க வச்சுட்டேன்னு நெனச்சேன்.

ஊத்துங்கிற ஊரத் தாண்டி பண்ணைக்காட்டு ரோட்டுல திரும்பி நாலு வளைவு போயிருக்கும். வெள்ளக்காரம்மா மொகம் வெளிறிப் போச்சு, வாயப் பொத்திக்கிட்டாங்க. நான் கத்தவும் கண்டக்டர் விசில் குடுத்து நிப்பாட்டுனார். பின்னாடிப் படி வழியா கூட்டத்தப் பிளந்துக்கிட்டு எறக்குனேன். ரோட்டோரம் ஒரு சின்னப் பாலம், அதுக்குக் கட்டச்சுவர். அதப் பிடிச்சுக்கிட்டு காலையில தின்ன இட்லிய எல்லாம் வாந்தி எடுத்தாங்க. நின்னபாடில்ல. பஸ்ஸுக்குள்ள சனம் முனங்க ஆரம்பிச்சுச்சு. கண்டக்டர் தலைய நீட்டி, "அக்கா, ஏறுறீங்களா?"ன்னார்.

"நீங்க போங்க தம்பி. பின்னாடி ஜீப்பு எதுலயாச்சும் வாரோம்."

மகராசியா நான்தான் கையக் காட்டி அனுப்பி வச்சேன். பஸ் வளைவுல திரும்பி மறஞ்சுச்சு. வெள்ளக்காரம்மா வாயத் தொடச்சுக்கிட்டு நிமிந்து ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாங்க.

"பை?"

பாஸ்போர்ட்டு அதுக்குள்ள. மாத்திர அதுக்குள்ள. நாளைக்கு மறுநாள் விமானம். இடுப்புல வைக்கப் போனதப் பையில போடச் சொன்னவ நான். பையக் குடுக்கச் சொன்னவ நான். பஸ்ஸப் போகச் சொன்னவளும் நான். போனப் பாத்தா கோடு ஒண்ணு கூட இல்ல, அந்த வளைவுல டவர் கெடைக்காது.

அவுங்க பாலத்துக் கட்டச்சுவர்ல உக்காந்தாங்க. "இங்கயே இருப்போம். தொலச்ச எடத்துல இருக்கணும்"னாங்க.

"இங்க உக்காந்து என்னம்மா பண்றது? பஸ் பண்ணைக்காட்டயும் விட்டுட்டு தாண்டிக்குடிக்குப் போயிரும். எந்திரிங்க"ன்னு கையப் பிடிச்சு இழுத்தேன். எனக்குச் சும்மா உக்காரத் தெரியாது. கைய ஆட்டவும் ஒரு ஜீப்பு நின்னுச்சு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல காய் எறக்கிட்டு வெறும் வண்டியா வீடு திரும்புற தம்பி. ஏறிக்கிட்டோம். "பஸ்ஸப் பிடி தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும்"னேன். அவனும் மெதிச்சான். தூறல் விழ ஆரம்பிச்சுச்சு. ரோட்டுல ஒரு சனம் இல்ல.

பண்ணைக்காடு பஸ் ஸ்டாண்டுல பஸ் நிக்கிது. எனக்குப் போன உசுரு வந்துச்சு. ஓடிப்போயி ஏறிப் பாக்குறேன், அந்தச் சீட்டுல வேற யாரோ உக்காந்திருக்காங்க. கண்டக்டர் சொல்றார்:

"பச்சைச் சேலைக்காரங்களா? நீங்க எறங்குனதுக்கு அடுத்த நிறுத்தத்துலயே முன்னாடிப் படியில எறங்கிட்டாங்களேக்கா."

"பை?"

"பையத் தோள்ல மாட்டிக்கிட்டுத்தான் எறங்குனாங்க."

பின்சீட்டுல இருந்த பெரியவர் சும்மா இருக்கக் கூடாதா? "பண்ணைக்காட்டுக் காதுகுத்துக்குப் போறேன்னுதான் எங்கிட்ட சொல்லுச்சு. ஏன் பாதியில எறங்குச்சுன்னு நானும் நெனச்சேன்"னு எடுத்துக் குடுத்தார்.

அவ்வளவுதான். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். நரம்பில்லாத நாக்கு, என்ன பேசுறோம்னு தெரியாம பேசிருச்சு. "பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்து களவாணித்தனம் பண்ணிருக்கா பாருங்க! நோயாளிப் பொம்பள பையத் தூக்கிட்டு எறங்கிருக்காளே, அந்தக் கை வெளங்குமா?"ன்னு ஆரம்பிச்சு, இங்க எழுத முடியாததெல்லாம் பேசுனேன். டீக்கடையில இருந்தவங்க, வாழத்தாரு ஏத்திக்கிட்டிருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. ஒரு கூட்டமே கூடிப்போச்சு.

வெள்ளக்காரம்மா என் தோளத் தொட்டு, "என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க.

அவுங்ககிட்ட எப்பிடிச் சொல்றது? ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி எங்க பழக்கம், எங்க மானம்னு பீத்திக்கிட்டவ. ஊர் மானத்தக் காப்பாத்தணுமே. "ஒண்ணுமில்லம்மா. அவுங்க ரொம்ப நல்ல மனுசி, பையப் பத்திரமா வச்சிருப்பாங்க, வீடு எங்கன்னு விசாரிக்கிறேன்"னு கூசாமச் சொன்னேன்.

"அப்படியா"ன்னாங்க.

போலீஸுக்குப் போவோம்னு நான் நின்னேன். அவுங்க மாட்டேன்னுட்டாங்க. "மொதல்ல அந்தப் பாலத்துக்குப் போவோம். அங்க இல்லன்னா போலீஸ்." நர்ஸு வேல பாத்த குரல் அது. ஜீப்புத் தம்பியும் பாவம், "வாங்கக்கா, கொண்டு போயி விடுறேன்"னு வண்டியத் திருப்புனான். வழி பூரா நான் அந்தப் பச்சைச் சேலையத் திட்டிக்கிட்டே வந்தேன். அப்பப்ப அவுங்க என்னையப் பாப்பாங்க. நான் உடனே சிரிச்சு, "நல்ல மனுசிம்மா"ன்னு சொல்லுவேன்.

வளைவுல திரும்புனதும் தம்பி பிரேக்க மெதிச்சான்.

பாலத்துக் கட்டச்சுவர்ல, வெள்ளக்காரம்மா உக்காந்திருந்த அதே எடத்துல, அந்தக்கா உக்காந்திருக்காங்க. மடியில பை. கையில ஒரு சின்னக் குடை. அந்தக் குடையப் பைக்குப் பிடிச்சிருக்காங்க, தலைக்கு இல்ல. பூவெல்லாம் நனஞ்சு கழுத்துல ஒட்டிக்கெடக்கு. பட்டுச்சேலை முழங்கால் வரைக்கும் சேறு, கொசுவம் பூரா ஒட்டுப்புல்லு.

எங்களப் பாத்ததும் எந்திரிச்சாங்க. எந்திரிச்சதும் என்னையத்தான் பிடிச்சாங்க.

"ஏங்க, உங்களுக்கு ஒரு எடத்துல நிக்கத் தெரியாதா? பஸ்ஸு நகரவும்தான் மடியில பை இருக்கிறதே எனக்கு ஒறச்சுச்சு. டிரைவர்ட்டச் சொல்லிட்டு அடுத்த நிறுத்தத்துல எறங்கி, காப்பித் தோட்டத்துக் குறுக்குப் பாதையில மூச்சு வாங்க ஏறி ஓடி வாரேன், இங்க ஒரு ஈ காக்கா இல்ல. தொலச்சா தொலச்ச எடத்துல நிக்கணும்னு சந்தைக்குக் கூட்டிட்டுப் போற சின்னப்பிள்ளைக்குக் கூடச் சொல்லித்தானே கூட்டிட்டுப் போவோம்?"

டிரைவர்ட்டச் சொல்லிட்டு எறங்கிருக்காங்க. நான் டிரைவரத் தேடவே இல்ல, அவர் டீ குடிச்சுக்கிட்டு இருந்திருப்பார். ஜீப்பு ரோட்டுல எறங்குனப்ப அவுங்க செடிக்குள்ள ஏறிக்கிட்டு இருந்திருக்காங்க. இந்த மலையில பொறந்து வளந்த எனக்குக் குறுக்குப் பாதைன்னு ஒண்ணு இருக்கிறது தோணல. கடல் தாண்டி வந்தவங்க நோட்டுல எழுதி வச்சிருந்ததும், இந்தக்கா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறதும் ஒண்ணாத்தான் இருக்கு. நடுவுல நான் ஒருத்திதான் குதிச்சிருக்கேன்.

வெள்ளக்காரம்மா பைய வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்க. தொறந்து பாக்கல. அந்தக்கா கையப் பிடிச்சுக்கிட்டு அப்பிடியே நின்னாங்க, கண்ணு ரெண்டும் கலங்கிருச்சு. அப்புறம் என் பக்கம் திரும்புனாங்க.

"நீங்க வழி பூராவும் இவுங்களப் பத்தி எங்கிட்ட என்ன சொன்னீங்களோ, அத இவுங்ககிட்டயும் சொல்லுங்க."

நல்ல மனுசின்னு சொன்னேன்னு சொல்லணும். ஒரே வரி. யாருக்கும் தெரியப் போறதில்ல. ஜீப்புத் தம்பிக்கு மட்டும் தெரியும், அவன் வண்டிச் சக்கரத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறான். அந்தக்கா தலையிலருந்து தண்ணி சொட்டுது. என்னையவே பாக்குறாங்க. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு.

"உங்களக் களவாணின்னு பேசிட்டேங்க. பண்ணைக்காடு பஸ் ஸ்டாண்டே கேக்கப் பேசிட்டேன்"னேன்.

அவுங்க குனிஞ்சு சேலையில இருந்த ஒட்டுப்புல்ல ஒண்ணு ரெண்டு பிச்சுப் போட்டாங்க. எனக்கு அவுங்க நாலு அறை விட்டிருந்தாக்கூடத் தேவலாம்.

"பேசுனது பேசுனதுதான்"னாங்க கடைசியில. "என் நாத்தனா பேரனுக்கு இன்னிக்கு அங்கதான் காதுகுத்து. அந்த பஸ் ஸ்டாண்டத் தாண்டித்தான் நான் போகணும். நீங்களும் வாங்க. எந்த வாயால சொன்னீங்களோ அந்த வாயால அதே எடத்துல இல்லன்னு சொல்லிட்டுப் போங்க."

அது ஞாயம்தானே. சின்ன ஊரு. அவுங்க மண்டபத்துக்குப் போறதுக்குள்ள நான் பேசுன பேச்சு போயிருக்கும். வெள்ளக்காரம்மாவுக்கு அந்தப் பை எப்பிடியோ, அதே மாதிரிதான் இந்தக்காவுக்கு அவுங்க பேரு. நான்தான் தொலச்சேன், தொலச்ச எடத்துல போயித்தான் எடுக்கணும்.

போனோம். பஸ் போயிருச்சு, ஆனா டீக்கடை ஆளுக, வாழத்தாரு ஆளுக அப்பிடியேதான் இருந்தாங்க. நான் அந்தக்கா கையப் பிடிச்சுக்கிட்டு நடுவுல போயி நின்னேன். "நான் ஒரு பேச்சுப் பேசிட்டேன். அது தப்பு. இந்தக்கா மழையில நனஞ்சு பையக் காத்து வச்சிருந்து குடுத்தாங்க. புத்தியில்லாம பேசுனவ நான்தான்"னு திட்டுன அதே சத்தத்துல சொன்னேன். டீக்கடைக்காரர், "அட, எங்களுக்குத் தெரியாதாம்மா அவுங்கள"ன்னார். அதக் கேட்டு எனக்கு இன்னும் கேவலமாப் போச்சு. அந்தக்கா ஈரப் பூவக் கழட்டி வீசிட்டு, "சரி வாங்க, பந்தி ஆரம்பிச்சிருக்கும்"னு முன்னாடி நடந்தாங்க.

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதும்பாங்க. எனக்கு அன்னிக்குக் கறிச்சோறு, அதுவும் மறுசோறு வாங்கித் தின்னேன். பேசுன பேச்சுக்கு நல்லாப் பசிச்சிருச்சு. வெள்ளக்காரம்மாவுக்கு வயிறு சரியில்லன்னு அந்தக்காவே ரசமும் மலைவாழப்பழமும் கொண்டாந்து வச்சாங்க. மூடி ஒடைக்காத தண்ணி பாட்டில் ஒண்ணும் எங்கிருந்தோ தேடிப் பிடிச்சு வந்துச்சு. கை கழுவப் போகையில வெள்ளக்காரம்மா தோள்ல இருந்த பையக் கழட்டி, யாரும் கேக்காமலே, அந்தக்கா மடியில வச்சுட்டுப் போனாங்க. பாஸ்போர்ட்ட மட்டும் அதுக்கு முன்னாடியே எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாங்க. நான் பாத்தேன். இந்தத் தடவ எனக்குக் கடுப்பு வரல.

சாயங்காலம் வீட்டுல சுக்குக் காப்பி. மேகம் எறங்கிருச்சு. வெள்ளக்காரம்மா நோட்டத் தொறந்து வச்சிருந்தாங்க. எனக்கு மனசு கேக்கல. "அம்மா, ஒரு விசயம். பஸ் ஸ்டாண்டுல நான் சொன்னது..."ன்னு இழுத்தேன்.

"தெரியும்"னாங்க. "உங்க பாஷை எனக்குத் தெரியாது. ஆனா அங்க நின்னவங்க மொகத்த எல்லாம் பாத்தேன். நல்ல மனுசின்னு சொன்னா யாரும் அப்படித் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

"பெறகு ஏன் என்னையச் சொல்லச் சொன்னீங்க?"

அவுங்க காப்பிய ஒரு வாய் குடிச்சாங்க.

"அவுங்க என் பைய எனக்குத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அவுங்களோடத நீங்கதானே வச்சிருந்தீங்க"ன்னாங்க.